மலைநாட்டுக்கு ஒரு பழைய பஜேரோ: மாற்றியதும் மாற்றாமல் விட்டதும்

ஜீப்பை மாற்றியமைக்க நினைக்கிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "எத்தனை அங்குலம் தூக்கினீங்க?" என்றுதான். என்னுடையது மிட்சுபிஷியின் இரண்டாம் தலைமுறைப் பஜேரோ, 2.8 லீற்றர் டீசல், மெனுவல் கியர். பல வருடமாக இதை ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் ஓட்டுகிறேன். என் கணிப்பில் இங்கே ஏறுவது பெரிய காரியமே இல்லை, இறங்குவதுதான் காரியம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், நடுவே கொழுந்து லொறி ஒன்று போகிற அளவுக்குப் பாதை, மழையில் ஊறிய மண். எதை மாற்றினாலும் அந்த இறக்கத்தை மனதில் வைத்துத்தான் மாற்றியிருக்கிறேன்.

2020 இல் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய ஜீப்புகளின் விலை எங்கேயோ போய்விட்டது. இருப்பதைப் பேணுவதுதான் புத்தி என்று, புதுப் பாகம் எதையும் பூட்டுவதற்கு முன் பழையதைச் சரிபார்த்தேன். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, குழாய்களை மாற்றினோம். இந்த எஞ்சினுக்குச் சூடு ஆகாது. ஒருமுறை கொதித்தாலே சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பு விழலாம்.

அடுத்தது ஃபோர்வீல், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் வசதி. சுப்பர் செலக்ட் என்ற அதன் லிவரை 4H இல் போட்டால் டாஷ்போர்டில் முன் சக்கரங்களின் பச்சை விளக்கு எரிந்து நிற்க வேண்டும். என்னுடையது சிமிட்டிக்கொண்டே இருந்தது. முன் அச்சை இணைப்பது காற்றிழுப்பில், அதாவது வெக்குயூமில் வேலை செய்கிறது. எஞ்சின் அறையின் ஓரத்தில் ஓடும் விரல் பருமன்கூட இல்லாத ரப்பர் குழாய்கள் வயசாகி, மடக்கினாலே வெடிப்புத் தெரிந்தது. அவ்வளவையும் மாற்றியதும் விளக்கு நின்று எரிந்தது. நான் செய்த வேலைகளிலேயே குறைந்த செலவு இதுதான், பலன் மிகப் பெரியது. பழைய பஜேரோ வாங்குகிறவர்கள் முதலில் இந்த விளக்கைப் பாருங்கள்.

டயருக்கு வருவோம். கம்பனி அளவு 265/70R15. அதைக் கழற்றி 31 அங்குல மட் டெரெய்ன், அதாவது சேற்று டயர், போட்டேன். விட்டத்தில் ஏறத்தாழ 35 மில்லிமீற்றர் கூடுதல், ஆனால் அச்சுக்கு அடியில் கிடைப்பது அதில் பாதிதான். உயரத்துக்காக இதை வாங்காதீர்கள். ஈரக் களிமண்ணில், எல்லாப் பாதைக்குமான ஓல் டெரெய்ன் டயரின் இடுக்குகளில் மண் அப்பிக்கொண்டு கொஞ்ச தூரத்திலேயே டயர் வழுவழுவென்று ஆகிவிடும். மட் டயர் மண்ணை உதறிவிட்டுப் பிடிக்கும். அந்தப் பிடிப்புக்குத்தான் காசு. பதிலுக்கு ஏ7 பிரதான காபட் ரோட்டில் இரைச்சல் காதைப் பிடுங்கும், மழையில் பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். மீற்றர் 60 காட்டும்போது உண்மை வேகம் 63 க்குக் கிட்ட என்பதையும் நினைவில் வையுங்கள். தோட்டப் பாதையில் இறங்கும் முன் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைப்பேன், கருங்கல் பாவிய பாதையென்றால் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைப்பேன். திரும்ப அடிக்கச் சின்னக் கம்பிரசர் பின்னால் எப்போதும் இருக்கும்.

உயரத்தைப் பொறுத்தவரை முன்னால் ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கும் முறுக்குக் கம்பியான டோர்ஷன் பாரின் போல்ட்டைத் திருகி, பின்னால் கொஞ்சம் நீளமான கொயில் ஸ்பிரிங் போட்டு, சுமார் 40 மில்லிமீற்றரோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் கேட்டபோது கராஜ் பாஸ், "அண்ணே, இனியும் தூக்கினா குடை சாஞ்சிரும், சிவி ஜொயின்ட்டும் தாங்காது" என்றார். சிவி ஜொயின்ட் என்பது முன் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் மூட்டு. அவர் சொன்னது முழுக்கச் சரி. டோர்ஷன் பாரை அதிகம் திருகினால் முன் சக்கரம் கீழே இறங்குவதற்கு இடமில்லாமல் போகும். குழியில் சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் பிடிப்பு ஏது? அதே காரணத்துக்காகக் கூரைக் கரியரையும் கழற்றிவிட்டேன். சரிவான பாதையில் தலைக்கு மேல் பாரம் வேண்டாம். கனமான இரும்பு பம்பரும் போடவில்லை; கொண்டை ஊசி வளைவில் மூக்கு நீண்டால் ஒரு தடவையில் திரும்பாது. எஞ்சினுக்கும் கியர் பொக்ஸுக்கும் அடியில் மட்டும் தடித்த தகடு பூட்டியிருக்கிறேன்.

இனி இறக்கம். ஒஹியவிலிருந்து உடவேரியத் தோட்டம் வழியாகக் களுப்பஹனைக்கு இறங்கும் டெவில்ஸ் ஸ்டெயார்கேஸ் பாதையைப் பலருக்கும் தெரியும். 263 மீற்றர் உயரமான பம்பரகந்தை நீர்வீழ்ச்சியும் அந்தப் பக்கம்தான். அங்கே 4LLc இல், அதாவது ஃபோர்வீலைப் பூட்டிய மெதுவான லோ ரேஞ்சில், முதல் கியரில், கால் எதிலும் இல்லாமல் இறங்க வேண்டும். ஆனால் பஜேரோவின் லோ ரேஞ்ச் சாதாரண கியரை விட இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் வேகத்தை அடக்கும். செங்குத்தான இடத்தில் பிரேக்கையும் தொட்டே ஆக வேண்டும். அதனால் டிஸ்க், பேட், ரப்பர் குழாய் எல்லாம் புதிது. பிரேக் ஒயில் ஈரத்தை இழுக்கும், ஈரம் ஏறிய ஒயில் நீண்ட இறக்கத்தில் கொதித்து பெடல் பஞ்சாகிவிடும். மலையில் ஓட்டுகிறவர்கள் அதை இரண்டு வருடத்துக்கு மேல் விடாதீர்கள்.

ஓடை கடப்பவர்களுக்கு இன்னொன்று. இறங்கி வந்த சூட்டோடு, அச்சின் நடுவே கியர் இருக்கும் உருண்டையான டிஃபரென்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். கழற்றிப் பார்த்தால் ஒயில் பால் தேத்தண்ணி மாதிரி இருக்கும். காற்று போய்வரும் அதன் மூச்சுக்குழாயை நீட்டி மேலே கொண்டுபோய்க் கட்டிவிட்டால் போதும். எஞ்சினுக்குக் கூரை மட்டத்திலிருந்து காற்றெடுக்கும் ஸ்நோர்கல் எங்கள் ஓடைகளுக்குத் தேவைப்படவில்லை.

எஞ்சினை மாற்றுவது போன்ற, பதிவுப் புத்தகத்தைத் தொடும் வேலைகளில் நான் இறங்கவில்லை. வருடாந்தப் புகைப் பரிசோதனையில் பிரச்சினை வந்ததில்லை.

மட் டயர் பாதையைக் கிழிக்கும் என்பதை ஓட்டுகிறவர்கள் மறக்கக் கூடாது. மழை பெய்த மறுநாள் தோட்டப் பாதையில் சக்கரத்தைச் சுழற்றினால், அடுத்த நாள் கொழுந்து மூட்டையோடு அதில் நடக்கிறவர்கள் எங்கள் சனங்கள். பாதையோரத் தண்ணீர்க் கான்களை மிதித்து உடைத்தால் தண்ணீர் பாதையில் ஓடி, ஒரு மழைக்காலத்திலேயே அரித்துவிடும். தோட்ட டிவிஷனில் கேட்டுவிட்டுப் போங்கள். நக்கிள்ஸ் மலைப் பகுதியும் ஹோர்ட்டன் சமவெளியும் 2010 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ளவை. தடத்தை விட்டுப் புல்லில் ஜீப்பை இறக்குவதை எந்தக் காரணத்துக்காகவும் என்னால் ஏற்க முடியாது.

இப்போது கவனம் துருவில் இருக்கிறது. பின் சக்கர வளைவுக்குள்ளும் சேஸியின் பின்பகுதியிலும் களிமண் தங்குகிறது. ஒவ்வொரு முறையும் வந்த அன்றே அடியில் தண்ணீர் அடித்துக் கழுவி, புரொப்பெலர் ஷாஃப்ட்டுக்கு கிரீஸ் ஏற்றுகிறேன். அடுத்த வறண்ட மாதத்தில் பின்பகுதியைச் சுரண்டி பெயின்ட் அடிக்க நாள் பார்த்திருக்கிறேன்.