ராஜபாளையமா, சிப்பிப்பாறையா: உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும்?

தென் தமிழகத்தின் வேட்டை நாய் இனங்களான ராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டையும் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் 2020-இல் முறைப்படி பதிவு செய்தது. இவற்றில் ஒன்றை வளர்க்க விரும்புவோர் பெரும்பாலும் நிறத்தையும் விலையையும் ஒப்பிடுகிறார்கள். அவற்றைவிட, வீட்டுக்கு எத்தனை பேர் வந்துபோகிறார்கள், சுற்றுச்சுவர் எவ்வளவு உயரம், நாயை ஓடவிட நாள்தோறும் யாருக்கு நேரம் இருக்கிறது என்பவையே முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ராஜபாளையம் காட்டுப்பன்றி வேட்டைக்கும் வீடு, தோட்டக் காவலுக்கும் வளர்க்கப்பட்ட நாய். வளர்ந்த ஆண் நாய் தோளுயரம் 65 முதல் 75 செ.மீ. வரை நிற்கும், பால் வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண்கள் ஆகியவை அதன் அடையாளம். வீட்டில் ஓரிருவரிடம் மட்டும் ஆழமாக ஒட்டிக்கொண்டு, அயலாரை எளிதில் ஏற்காத இயல்புடையது. தோப்பு வீட்டுக்கு அது பெரும் பலம். ஆனால் பால்காரர், வேலையாள், குழந்தைகளின் நண்பர்கள் என்று நாள் முழுவதும் கதவு திறந்து மூடும் வீட்டில், குட்டிப் பருவத்திலேயே பல மனிதர்களுடன் பழக்காவிட்டால் அதே இயல்பு ஆபத்தாகிவிடும்.

இந்த இனத்தில் மிகுந்த கவனம் தேவைப்படுவது காது. உள்செவியில் நிறமிச் செல்கள் இல்லாத வெள்ளை நாய்களில், பிறந்த சில வாரங்களுக்குள் கேட்கும் உணர்செல்கள் அழிந்துவிடக்கூடும். ராஜபாளையக் குட்டிகளிடம் செவிட்டுத்தன்மை பரவலாகக் காணப்படுவதற்கு இதுவே காரணமாகக் கருதப்படுகிறது. செவிட்டுக் குட்டி உடன்பிறந்தவற்றின் அசைவைப் பார்த்து அவற்றோடு சேர்ந்து ஓடிவந்துவிடும் என்பதால், கூட்டத்தில் வைத்துக் கூப்பிட்டுப் பார்ப்பதில் பயனில்லை. குட்டியைத் தனியே பிரித்து, அது அயர்ந்து தூங்கும்போது, தரை அதிராமலும் காற்று படாமலும் பின்புறமிருந்து சாவிக் கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். இரு காதும் கேட்காத குட்டியைப் பெரும்பாலும் இதில் கண்டுகொள்ளலாம். ஒரு காது மட்டும் கேட்காததை, ஒலிக்கு மூளை தரும் மின் எதிர்வினையை அளக்கும் மூளைத்தண்டுச் செவிப் பரிசோதனைதான் காட்டும். சாவிக் கொத்துச் சோதனைக்கு மறுக்கும் விற்பனையாளரிடம் குட்டி வாங்க வேண்டாம்.

சிப்பிப்பாறை முயலைக் கண்ணால் கண்டு துரத்திப் பிடிக்கவென்றே உருவான நாய். ஒட்டிய வயிறு, ஆழ்ந்த மார்பு, நீண்ட கால்கள், பளபளக்கும் குட்டை மயிர் என்று அதன் உடல் முழுவதும் ஓட்டத்துக்காகவே அமைந்திருக்கிறது. வெயிலைத் தாங்கும், பராமரிப்புச் செலவு குறைவு, வீட்டுக்குள் பொதுவாக அமைதியாக இருக்கும். ஆனால் பூனையோ கோழியோ குறுக்கே ஓடினால், எஜமானர் குரல் அதன் காதில் ஏறுவது அரிது. எனவே உயரமான சுவர் இல்லாத வீட்டுக்கும், சாலையில் வாரில்லாமல் அழைத்துச் செல்லும் பழக்கமுள்ளவர்களுக்கும் இது ஏற்றதன்று. உடலில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால் சில மயக்க மருந்துகளின் விளைவு இவ்வகை நாய்களில் நெடுநேரம் நீடிக்கும். அறுவை சிகிச்சைக்கு முன் இனத்தின் பெயரை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

வேலியிட்ட நிலமும் காவலுக்கான தேவையும், கண்டிப்போடும் பொறுமையோடும் பழக்கத் தெரிந்த ஒருவரும் உள்ள வீட்டுக்கு ராஜபாளையத்தைப் பரிந்துரைப்பேன். விருந்தினர் வந்துபோகும், காலையில் ஓட்டப்பயிற்சிக்குச் செல்பவர் ஒருவர் உள்ள ஊர்ப்புற வீட்டுக்குச் சிப்பிப்பாறையே நல்லது. அடுக்குமாடியில் நாள் முழுவதும் பூட்டிவைக்கும் நிலை இருந்தால் இரண்டையும் வாங்காமலிருப்பதே அந்த உயிர்களுக்குச் செய்யும் நன்மை. வேட்டைக்கென்று கேட்பவர்கள், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம் என்பதை அறிந்திருக்க வேண்டும். சிப்பிப்பாறைக்குத் தேவையான ஓட்டத்தை வேலியிட்ட மைதானத்திலேயே தந்துவிடலாம்.