ஒப்பினல் 8: மாங்காய்க்கு ஒத்துவரும், ஐப்பசிக்கு ஒத்துவராது

சென்னைக்கு ஒப்பினல் 8 என்கிற மரக் கைப்பிடி பிரெஞ்சு மடக்குக் கத்தி வாங்கினால், அலகு கார்பன் எஃகா, ஸ்டெயின்லெஸ்ஸா என்று நண்பர் கேட்கிறார். துருவுக்குப் பயம். துரு பெரிய தொல்லையே இல்லை. தொல்லை மரக் கைப்பிடியில். அது இரண்டுக்கும் ஒன்றுதான்.

முதலில் வெட்டு. அலகு 8.5 செ.மீ., கனம் 2 மி.மீ. கூட இல்லை. மாங்காய் நறுக்கினால் அருமை தெரியும். தடித்த கத்தி பாதி இறங்கியதுமே காய் கோணலாகப் பிளக்கும். இது கடைசிவரை அறுத்துக்கொண்டே இறங்கும், கீற்று அப்பளம்போல் மெல்லிசாக விழும். புளிப்பு பட்டு கார்பன் அலகு நீலமும் கருப்புமாகும், அது கெடுதல் இல்லை. செம்மண் நிறப் புள்ளிதான் துரு. எலுமிச்சை அறுத்ததும் துடையுங்கள், இல்லாவிட்டால் அடுத்து நறுக்கும் கொய்யாவில் இரும்பு வாடை அடிக்கும். தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் கொடுக்கவே கூடாது: மெல்லிய விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்தால் அங்கே பதம் போச்சு. 1000 எண் தீட்டுக்கல்லில் பக்கத்துக்குப் பத்து இழுப்பு போதும்.

இனி வயிற்றெரிச்சல். பீச் மரம் ஈரம் குடித்து உப்பும். அடைமழையில், அலகு மடங்கி உள்ளே போகும் கைப்பிடிப் பிளவின் இரு சுவர்களும், அலகு சுழலும் ஆணியருகே அதைக் கவ்விக்கொள்ளும். இழுத்தால் நகம்தான் பெயரும். கத்தி பிறந்த பிரான்சின் சவோய் மலைநாட்டிலேயே இதற்கு வழி உண்டு: அலகைப் பூட்டும் கழுத்து வளையத்தைத் திருகித் திறந்து, பிளவில் விரல் படாமல் பிடித்து, கைப்பிடியின் அடிமுனையை மேசையில் தட்டினால் அலகின் நுனி எட்டிப் பார்க்கும். திறந்ததும் இறுக்கமாகத்தானே நிற்கிறது என்று வளையத்தைப் பூட்டாமல் விடாதீர்கள். 1955-இல் அதைச் சேர்த்ததே விரலைக் காக்கத்தான்.

ஈரத்தைத் தடுக்கிறேன் என்று மரத்துக்குத் தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், அது உலரவே உலராது. கத்தியை நாலு நாள் ஃபேன் காற்றில் காயவிட்டு, காய்ச்சாத ஆளிவிதை எண்ணெயைப் பிளவுக்குள்ளும் இரு முனைகளிலும் தேயுங்கள். மூன்று நாள் விட்டு இன்னொரு முறை. துடைத்த துணியைக் கசக்கிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் 150 எண் உப்புத்தாளை மடித்து, ஆணியருகே சுவருக்குப் பத்து இழுப்பு. கொஞ்சம் இறுக்கம் இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். மழையில் லகுவாகும்வரை தேய்த்தால், மரம் வற்றும் அக்னி நட்சத்திரத்தில் அலகு லொடலொடக்கும்.

நறுக்குவதில் இதைவிட நல்ல மடக்குக் கத்தி எனக்குத் தெரியாது. இருந்தாலும் நண்பருக்கு என் பதில், வேண்டாம். அவசரத்துக்கு எடுத்தால் மேசையைத் தேட வைக்கிற கத்தி பையில் இருந்து என்ன பயன்? தை பிறந்து கேட்டால் வேறு பதில் சொல்வேனோ என்னவோ.