சேம்பரா, சான்றிதழ்ப் படிப்பா? ஒரு கும்பகோணம் ஜூனியரின் கணக்கு

கறுப்புக் கோட்டு தைத்து வாங்கிய கையோடு எல்லாருக்கும் வரும் கேள்விதான்: சட்டம் படித்தாயிற்று, தொழிலை எங்கே படிப்பது? 2024 ஜூனில் எனக்கும் வந்தது. கும்பகோணத்தில் ஒரு சிவில் சீனியரின் சேம்பரில், அதாவது அவருடைய வக்கீல் அலுவலகத்தில், சேர்ந்தேன். மனம் கேளாமல் அதே மாதம், மனு, நோட்டீஸ் போன்றவற்றின் வரைவு எழுதக் கற்றுத்தரும் ஆறு மாத ஆன்லைன் படிப்பு ஒன்றுக்கும் பணம் கட்டினேன். இரண்டையும் பார்த்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என் சாய்வு சேம்பர் பக்கம்தான், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

டாக்டருக்குப் படித்தவர்களுக்கு மருத்துவமனைப் பயிற்சி கட்டாயம். நமக்கு அப்படி எதுவும் இல்லை. 1961 வழக்கறிஞர்கள் சட்டத்தில் பயிற்சிக்கு இடம் இருந்தது. 1973-இல் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். இந்திய பார் கவுன்சில் 1995-இல் ஓராண்டுப் பயிற்சியை விதியாகக் கொண்டுவந்தது. 1999-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. இப்போது இருப்பது அகில இந்திய பார் தேர்வு. 100 கேள்விகள், குறிப்பு இல்லாத சட்டப் புத்தகத்தைப் பார்த்தே விடை எழுதலாம். அதில் தேறியவருக்குப் பிராது (சிவில் வழக்கைத் தொடங்கும் மனு) எழுத வரும் என்று யாரும் நினைப்பதில்லை, தேறியவர் உட்பட.

ஆன்லைன் படிப்பைக் குறை சொல்லவே கூடாது என்று தொடங்கினேன். வீடியோக்கள் நேர்த்தியாக இருந்தன. வக்கீல் நோட்டீஸ், ஜாமீன் மனு, ஒப்பந்தம் என்று மாதிரிகள் அடுக்கடுக்காக வந்தன. இரவு பத்து மணிக்கும் படிக்கலாம். வரைவு எழுதி அனுப்பினால் பத்து நாளில் ஒரு மதிப்பெண்ணும் இரண்டு வரிக் கருத்தும் வரும். பெரும்பாலும் ‘நல்ல முயற்சி, சுருக்கமாக எழுதவும்’.

சேம்பரில் முதல் ஆறு மாதம் வழக்குக் கட்டு தூக்கினேன், வாய்தா வாங்கினேன், நகல் மனு போட்டேன், குமாஸ்தாவிடம் திட்டு வாங்கினேன். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஏழாவது மாதம் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

திருவிடைமருதூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார். வாய்க்கால் ஓரத்தில் அவருக்குக் கொஞ்சம் நிலம். பக்கத்து வயல்காரர் வரப்பை வெட்டி உள்ளே வருகிறார் என்பது வழக்கு. நிரந்தர உறுத்துக் கட்டளை (இனி நுழையக் கூடாது என்ற தடை) கேட்டுப் பிராது எழுதும்படி சீனியர் என்னிடம் கொடுத்தார். படிப்பில் கிடைத்த மாதிரியை எடுத்துவைத்துக்கொண்டு எழுதினேன். அந்த மாதிரியின் சொத்து விவரத்தில் ‘கஸ்ரா எண்’ என்று இருந்தது. வடநாட்டு வழக்கம், அதைப் புல எண் என்று மாற்றும் அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது. பட்டாவில் இருந்த 0.27 ஹெக்டேரைப் பரப்பளவாகப் போட்டு, மாலையில் மேஜைமேல் வைத்தேன்.

சீனியர் படிக்கவில்லை. நேராகக் கடைசித் தாளுக்குப் போய்ச் சொத்து விவரத்தைப் பார்த்தார். “கிரையப் பத்திரத்தில் என்ன இருக்கிறது?” பழைய பத்திரம். ‘2 மா 15 குழி’ என்று இருந்தது. “குழிக்கு எத்தனை சதுர அடி?” 144 என்றேன். “போட்டுப் பார்.” மாவுக்கு நூறு குழி, ஆக 215 குழி, 30,960 சதுர அடி, ஏறக்குறைய 71 சென்ட். பட்டாவின் 0.27 ஹெக்டேர் 67 சென்ட்டுக்கும் சற்றுக் குறைவு. “அந்த நாலு சென்ட் எங்கே போனது?” வாய்க்கால் ஓரத்துத் துண்டு அதுதான். பக்கத்து வயல்காரர் நுழைவதும் அங்கேதான். நான் எழுதிய பிராது அந்த அம்மாளின் வழக்கையே வழக்குக்கு வெளியே விட்டிருந்தது. நான்கெல்லையில் வடக்கே ‘வாய்க்கால்’ என்று பத்திரம் சொல்வதை நான் ‘பாதை’ என்று எழுதியிருந்தேன். இப்போது கரைமேல் பாதை இருப்பதால்.

அதோடு விடவில்லை. “எதிராளி நாளைக்கு நான் குத்தகைதாரர் என்று எதிர்வாதுரை (பிராதுக்குப் பதில்) போட்டால்?” எனக்கு விளங்கவில்லை. 1955-ஆம் வருடத்துச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்து 6-ஏ பிரிவைப் படிக்கச் சொன்னார். பிரதிவாதி சாகுபடிக் குத்தகைதாரர் என்று நிரூபணமானால், சிவில் நீதிமன்றம் அந்த வழக்கை வருவாய்க் கோட்ட அலுவலருக்கு மாற்றிவிட வேண்டும். டெல்டாவில் நில வழக்கு எழுதுகிறவன் இதை நினைக்காமல் பேனாவை எடுக்கக் கூடாது என்றார். மறுநாள் அந்த அம்மாளைக் கூப்பிட்டு, கடைசி மூன்று போகமும் யார் அறுத்தது என்று கேட்டு, அடங்கல் (யார் என்ன சாகுபடி என்ற கிராமக் கணக்கு) நகலுக்கு அலைந்தேன். பிராது மூன்று முறை சிவப்பு மையோடு என்னிடம் திரும்பி வந்தது. நான்காம் முறை நீதிமன்றத்துக்குப் போனது, ‘எவ்வாறு நிலைக்கத்தக்கது?’ (சட்டப்படி இந்த வழக்கு எப்படி நிற்கும்?) என்ற குறிப்போடு அங்கிருந்து திரும்பவில்லை.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசமாக நான் பிடித்துக்கொண்டது இந்தத் திருத்தத்தைத்தான். கட்டணம், நேரம், சான்றிதழ் எல்லாம் இதற்குப் பிறகு. சீனியர் ஏன் அத்தனை தூரம் திருத்தினார்? என்மேல் உள்ள பாசத்தால் என்று சொல்ல ஆசைதான். வக்காலத்தில் அவர் பெயர் இருந்தது, அந்த அம்மாள் அவர் ஊருக்கு வேண்டியவர், பிராது திரும்பினால் ஊர் வக்கீல்கள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். என் பிழை அவருக்கு நஷ்டம். ஆன்லைன் ஆசிரியருக்கு என் பிழையால் ஒரு காசு குறையாது. இரண்டு வரிக் கருத்துக்கு மேல் அவரிடம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

எல்லாச் சேம்பரும் இப்படி என்று சொல்லவில்லை. என்னோடு வழக்கறிஞராகப் பதிவு செய்த தோழி ஒருத்தி வேறொரு சேம்பரில் ஒன்றரை வருடம் இருந்தாள். அவள் எழுதிய ஒரு தாளைக்கூட யாரும் படித்ததில்லை. அவளுக்கு அந்த ஆன்லைன் படிப்பு எவ்வளவோ மேல்.

சேம்பரின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது பணம். ஜூனியருக்கு மாதம் குறைந்தது இவ்வளவு தர வேண்டும் என்று 2024-இல் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது: சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாய், மற்ற மாவட்டங்களில் 15,000. எனக்கு முதல் வருடம் கிடைத்தது பஸ் செலவும் மதியச் சாப்பாடும், எப்போதாவது ஒரு கமிஷனர் வேலையில் (நீதிமன்றத்துக்காக இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தருவது) வந்த தொகையும். இரண்டாவது நேரம். சேம்பர் மாலை ஆறுக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடியும். பாபநாசம் பக்கம் கடைசி டவுன் பஸ்ஸை நம்பி இருக்கும் பெண்ணுக்கு அது சாதாரணப் பிரச்சினை இல்லை.

மூன்றாவது, சீனியருக்குத் தெரியாதது. நான் சேர்ந்த அடுத்த மாதம், 2024 ஜூலை 1-இல், புதிய குற்றவியல் சட்டங்களோடு புதிய சாட்சியச் சட்டமும் அமலுக்கு வந்தது. வாட்ஸ்அப் செய்தியைச் சான்றாவணமாகப் போட எங்கள் சேம்பரில் பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி சான்றிதழ் மாதிரிதான் இருந்தது. புதிய 63-ஆம் பிரிவின் சான்றிதழ் இரண்டு பகுதி: ஒன்றைத் தரப்பினர் தர வேண்டும், மற்றதை நிபுணர் தர வேண்டும். இதை ஆன்லைன் படிப்பில்தான் கற்றேன். கற்று வந்து சீனியருக்குச் சொன்னேன். அன்று ஒருநாள் சிவப்புப் பேனா என் கையில் இருந்தது.

உயர் நீதிமன்றச் சேம்பர்கள் பற்றி அதிகம் பேச எனக்குத் தகுதியில்லை. தஞ்சாவூர் மாவட்டத்து மேல்முறையீடுகள் மதுரைக் கிளைக்குப் போகின்றன. பக்கத்துத் திருவாரூருக்கும் மயிலாடுதுறைக்கும் சென்னை. அங்கே போன நண்பர்கள் ரிட் மனுவில் (அரசின் செயலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடுவது) தேறிவிட்டார்கள். கூண்டில் நிற்கும் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதை அவர்கள் பார்ப்பது அபூர்வம். இலவச சட்ட உதவிக்கான முழுநேர வழக்கறிஞர் அமைப்பில், உதவி நிலைக்கு மூன்று வருடத்துக்கு உட்பட்ட அனுபவம் போதும். மாதச் சம்பளம் உண்டு, தனி வழக்கு எடுக்க முடியாது, வேலை முழுக்கக் குற்றவியல். குற்றவியலில் மனம் இருப்பவர்கள் அங்கே உள்ளவர்களிடமே கேட்பது நல்லது.

நீதிபதித் தேர்வு எழுத நினைப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சிவில் நீதிபதி பதவிக்கு மூன்று வருடத் தொழில் அனுபவத்தை மறுபடி கட்டாயமாக்கியது. அதற்கு நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அலுவலரோ, அவருடைய மேலொப்பத்தோடு பத்து வருட அனுபவமுள்ள வழக்கறிஞரோ சான்று தர வேண்டும். பெரும்பாலும் ஒரு சீனியர் தேவைப்படும்.

சேம்பர் தேடுகிறவர்கள் சேரும் முன் ஒரு வாரம் மாலையில் போய் உட்கார்ந்து பாருங்கள். ஜூனியர் எழுதிய தாள் கிறுக்கலோடு திரும்பி வருகிறதா, அப்படியே டைப்பிங்குக்குப் போகிறதா என்று கவனியுங்கள். அப்படியே போனால் வேறு சேம்பர் தேடுங்கள், அதுவரை வீடியோ பாருங்கள். என் படிப்பில் இன்னும் பதினோரு வீடியோக்கள் பாக்கி இருக்கின்றன. சான்றிதழ் வந்துவிட்டது.