"தவிடு போட்டு ஓட்டுங்கக்கா" என்று சொல்லியே 4,850 ரூபாயை முழுங்கிவிட்டார்கள்

வீட்டிலேயே மாவு அரைத்துக் காசு மிச்சம் பிடிக்கலாம் என்று வீடியோ பார்த்து கிரைண்டர் வாங்கப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணத்தை அனுப்புங்கள். 4,850 ரூபாய் போயே போச்சு. ஆத்திரத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏமாறாமல் வாங்குவது எப்படி என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

என் கணக்கில் ஒன்றும் குறை இல்லை. வீட்டில் ஐந்து பேர். தெருமுனைக் கடையில் இட்லி மாவு கிலோ 60 ரூபாய், அதிலும் சோடா வாடை. ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம் போட்டு அரைத்தால் மூன்று கிலோவுக்குப் பக்கத்தில் மாவு வரும். அரிசி, உளுந்து, கரண்ட் எல்லாம் சேர்த்தும் நூறு ரூபாயைத் தாண்டாது. வாரம் இரண்டு தடவை அரைத்தால் மாதம் அறுநூறுக்கு மேல் மிச்சம். எட்டு மாதத்தில் கிரைண்டர் காசு திரும்பிவிடும். மிக்ஸியில் அரைத்தால் உளுந்து சூடாகிப் பொங்காமல் போகிறது, அதனால்தான் கிரைண்டர்.

குட்டி குட்டி வீடியோ போடுகிற ஒரு தளத்தில் அந்த விற்பனைப் பக்கத்தைப் பார்த்தேன். கோவைப் பட்டறையிலிருந்து நேரடி விலை என்று போட்டிருந்தார்கள். குழவிக் கல்லெல்லாம் அடுக்கி வைத்திருக்க, ஒருவர் கம்பியால் தட்டிக் காட்டுகிறார், கணீர் என்று சத்தம். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு என்று பெருமையாக ஒரு வரி வேறு. அது உண்மைதான், 2005-06லேயே கிடைத்துவிட்டது. அந்தப் பெருமையை வைத்து எவன் வேண்டுமானாலும் கடை விரிக்கலாம் போல.

ஆனால் நான் நம்பியது அதனால் இல்லை. போனில் பேசிய அந்தப் பெண்ணால்தான். மூன்று லிட்டர் வேண்டும் என்று கேட்டேன். "வீட்ல எத்தனை பேருங்கக்கா?" என்றாள். ஐந்து பேர் என்றதும், "அப்ப ரெண்டு லிட்டரே போதுமுங்க. மூணு எடுத்தா கரண்டும் தண்டம், கழுவறதுக்கும் கஷ்டமுங்க. எதுக்குங்கக்கா வீணா காசு?" விலை அதிகமானதைத் தலையில் கட்டாமல் குறைந்ததை வாங்கு என்கிற வியாபாரியை நான் எங்கே பார்த்தேன்? அந்த நிமிஷமே ஜிபேயில் 4,850 ரூபாயை அனுப்பிவிட்டேன். பொருள் வந்தபின் காசு தரும் வசதி கிடையாதாம். பிடிக்காவிட்டால் ஏழு நாளில் திருப்பி அனுப்பலாமாம்.

பெட்டி வந்தது. தயாரித்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, உள்ளே பில் இல்லை. கேட்டதற்கு "வாட்ஸாப்ல வருமுங்க" என்றார்கள். இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. முதல் ஈட்டு இட்லியை வாயில் வைத்தால் நறநற.

போன் போட்டேன். "புதுக் கல்லுன்னா அப்படித்தானுங்கக்கா. தவிடு போட்டு நல்லா ஓட்டிக் கழுவிடுங்க." சரி, எங்கள் அம்மாவும் அதைத்தான் சொல்லுவார். புதுக் கல்லைப் பழக்குவது எல்லா வீட்டிலும் செய்கிற வேலைதானே. ஓட்டினேன். அப்புறமும் நறநற. "பச்சரிசி ஊறப்போட்டு அரைச்சுக் கொட்டிருங்க." கொட்டினேன். "வீடியோ எடுத்து அனுப்புங்க, டெக்னீசியன் பார்ப்பாருங்க." அனுப்பினேன். டெக்னீசியன் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருக்கிறாராம். அவர் திரும்பி வந்தபோது, "ஏழு நாள் முடிஞ்சிருச்சேங்க, ரிட்டர்ன் குளோஸ் ஆயிருச்சு."

இதுதான் தந்திரம். சொன்ன வைத்தியம் எதுவும் பொய் இல்லை. நாள் கடத்துவதற்காகச் சொன்ன உண்மை.

அதற்குப் பிறகு அந்தப் பெண் போனையே எடுக்கவில்லை. ஒரு ஆள் எடுத்தான். அக்கா போய் "இந்தாம்மா" ஆகிவிட்டது. "நீங்க கீழ போட்டு உடைச்சிட்டு எங்க மேல பழி போடறீங்களா?" என்கிறான். உடைந்ததாக நான் சொல்லவே இல்லையே! அப்போதுதான் சந்தேகம் வந்து, இங்கே பழைய மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கும் பெரியவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். டிரம்மைக் கவிழ்த்து, அடிக்கல்லை நகத்தால் சுரண்டினார். சாம்பல் நிறத்தில் பொருபொருவென்று உதிர்ந்தது. விரிசல் விட்ட கல்லைப் பசை போட்டு ஒட்டி, மேலே கல்தூள் தூவி மறைத்திருக்கிறார்கள். "இதுல எத்தனை மூட்டை தவிடு ஓட்டினாலும் நிக்காதும்மா" என்றார். குழந்தைகள் தின்றது அந்தப் பசையைத்தான் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

4,850 ரூபாய். தவிடு, பச்சரிசி, கொட்டிய மாவெல்லாம் தனிக்கணக்கு. வீட்டுக்காரர் "போனது போகட்டும், விடு" என்கிறார். எப்படி விடுவது?

இணையத்தில் விற்கிறவர்கள் தங்கள் பெயர், முகவரி, குறை கேட்கும் அதிகாரி யார் என்பதையெல்லாம் காட்ட வேண்டும் என்று 2020 மின்வணிக விதிகளே சொல்கின்றன. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும். இவர்களிடம் இருப்பது ஒரு போன் நம்பர். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் கொடுத்திருக்கிறேன். அதில் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. பில் இல்லாமல் வாங்காதீர்கள். கல்லை நேரில் தட்டி, தடவிப் பார்த்து வாங்குங்கள். வந்த அன்றே திருப்பி அனுப்புகிறேன் என்று எழுத்தில் அனுப்புங்கள், அவர்கள் சொல்கிற வைத்தியமெல்லாம் அப்புறம். பணம் அனுப்பிவிட்டு பொருளே வராமல் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள்.

என்னை அந்தப் பக்கத்தில் பிளாக் செய்துவிட்டார்கள். தங்கை போனில் பார்த்தேன், இன்று காலை புது வீடியோ போட்டிருக்கிறார்கள். அதே ஆள், அதே கம்பி, அதே கணீர். விலை 4,450 ஆம், பண்டிகைத் தள்ளுபடி.