ராணியா, யானையா? சாவேத்ரா புதிரில் வெல்லும் நகர்வு

இது ஒரு செஸ் புதிர். கட்டங்களின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை. வெள்ளை ராஜா பி6-இல், சிப்பாய் சி6-இல். கறுப்பு ராஜா ஏ1 மூலையில், யானை டி5-இல். பலகையில் மொத்தமே நாலு காய். வெள்ளையின் முறை, ஜெயிக்க வேண்டும்.

முதல் நகர்வில் யோசிக்க ஒன்றுமில்லை: சிப்பாய் சி7. இன்னும் ஒரு கட்டம் ஏறி சி8-ஐத் தொட்டால் அதை ராணியாகவோ யானையாகவோ மாற்றிக்கொள்ளலாம். யானை டி6-க்கு வந்து செக் வைக்கிறது. ராஜா எங்கே போவது?

பி7-க்குப் போனால் யானை டி7-க்கு வந்து சிப்பாயைக் கட்டிப்போடும். தன்னைக் கொடுத்தாவது அதை வெட்டிவிடும், டிரா. சி5-க்குப் போய் யானையை மிரட்டலாமே என்று கை துறுதுறுக்கும். யானை டி1-க்கு ஓடிவிடும். சிப்பாய் ராணியானதும் சி1-இல் செக். ராஜா விலகினால் பின்னால் நிற்கும் ராணி போச்சு. சரியான இடம் பி5. அப்புறம் செக்குக்குச் செக் பி4, பி3 என்று இறங்கி, கடைசியில் சி2. இப்போது டி1 ராஜாவின் காவலில் இருப்பதால் பழைய தந்திரம் பலிக்காது.

கறுப்பு விடுவதில்லை: யானை டி4! என்னைக் கேட்டால் புதிரிலேயே அழகான நகர்வு இதுதான். சி8-இல் ராணி எடுத்தால் யானை சி4-இல் செக் வைத்துத் தன்னையே பலி கொடுக்கும். வெட்டாமல் விலகினால் ராணி போய்விடும். வெட்டினாலோ, சி4-இல் நிற்கும் ராணி குறுக்காக ஏ2-வையும் அடைத்துவிடுகிறது. பி1, பி2 வெள்ளை ராஜாவின் கையில். செக் இல்லை, ஆனால் கறுப்புக்கு நகர்வே இல்லை: ஸ்டேல்மேட், அதாவது டிரா.

சி8-இல் யானை எடுத்துப் பாருங்கள். அதே சி4 பலியை யானையால் வெட்டினால் ஏ2 திறந்தே கிடக்கிறது. ராஜா அங்கே போக, யானை ஏ4, மேட். பலி கொடுக்காமல் இருந்தாலும் ஏ8-இல் மேட் காத்திருக்கிறது. அதைத் தடுக்கக் கறுப்பு யானை ஏ4-க்கு வந்தாக வேண்டும். உடனே வெள்ளை ராஜா பி3: யானைக்கும் குறி, சி1-இல் மேட்டுக்கும் குறி. இரண்டையும் காப்பாற்ற வழியில்லை.

1895-இல் கிளாஸ்கோ பத்திரிகையொன்றில் இந்த முடிவாட்டத்தை டிரா என்றுதான் அதில் செஸ் பத்தி எழுதிவந்த பார்பியே என்பவர் அச்சிட்டார். யானை எடுத்து ஜெயிக்கலாம் என்று காட்டியவர் அதே ஊரில் இருந்த ஸ்பானியப் பாதிரியார் ஃபெர்னாண்டோ சாவேத்ரா. செஸ் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பதே இந்த ஒரு நகர்வுக்காகத்தான்.