மடங்கும் மணிக்கட்டு: யாருக்கு வாங்கலாம், யாருக்கு வேண்டாம்

கை இழந்தவர் மாட்டும், கேபிளால் இழுத்துத் திறக்கும் செயற்கைக் கொக்கிக் கைக்குச் சாதாரணமாகப் போடுவது உராய்வு மணிக்கட்டு. கொக்கியைச் சுழற்றலாம், மடக்க முடியாது. வாயை எட்ட வேண்டுமென்றால் தோளும் இடுப்பும்தான் வளைய வேண்டும். இந்தக் குறைக்கென்று வருவது பூட்டு வைத்த மடங்கு மணிக்கட்டு. நேர், 25 பாகை, 50 பாகை என மூன்று நிலை கொண்டதைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

இரண்டு கையும் இல்லாதவர் யோசிக்கவே வேண்டாம், ஒரு பக்கமாவது இது வேண்டும். சட்டைப் பொத்தான், பல் துலக்கல், கழிப்பறை எல்லாமே உடம்பின் நடுக்கோட்டு வேலைகள். ஒரு கை மட்டும் போனவருக்கு அவற்றை நல்ல கை பார்த்துக்கொள்ளும். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக் கடையில் பன்னிசௌவை (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றியது) கொக்கியால் சாயாமல் பிடிக்க 25 பாகை சொகுசுதான். அதற்காக மட்டும் காசு போட வேண்டாம்.

ஜோகன்னஸ்பர்க் தச்சர் ரிச்சர்ட் வான் ஆஸின் ரோபோஹேண்ட் என்ற 3டி அச்சுக் கை இதற்கு மாற்றாகாது. சொந்த மணிக்கட்டை மடக்கும் விசையில்தான் அதன் விரல்கள் மூடும், மணிக்கட்டே இல்லாதவருக்கு அது உதவாது.

மிஞ்சிய முன்கை நீளமாக இருந்தாலும் யோசியுங்கள். இந்த மடங்கு மணிக்கட்டு சேர்ந்தால் செயற்கைக் கை மறு கையைவிட நீண்டுவிடும். எடையும் கை நுனியில் ஏறுகிறது. முழங்கையிலிருந்து தள்ளிப் போகப் போக அதே கிராம் அதிகமாகக் கனக்கும்.

அதிகம் தகராறு செய்வது கேபிள்தான். அது மடங்கும் அச்சை விட்டு விலகி ஓடுவதால், மடக்கும்போது தேவையான நீளம் மாறுகிறது. நேர் நிலையில் மட்டும் சோதித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். முழங்கையை 90 பாகையில் வைத்து, மூன்று நிலையிலும் கொக்கி முழுக்கத் திறக்கிறதா பாருங்கள். 50 பாகையில் தொய்வு தெரிந்து கேபிளைக் குறைத்தால், நேராக்கும்போது கொக்கி மூடாமல் வாய் பிளந்து நிற்கலாம். ஆகவே முதலில் கேபிள் ஓடும் தடத்தை மாற்றிப் பார்க்கட்டும், நீளத்தில் கை வைப்பது அப்புறம்.

கொக்கியை மணிக்கட்டில் திருகும் மரையையும் கேட்டு வாங்குங்கள். அமெரிக்கக் கொக்கி அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. ஐரோப்பியக் கொக்கிகளில் எம்12, அதாவது 12 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1.5 மி.மீ. இடைவெளி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மாற்றிப் போட்டால் சரியாகப் பொருந்தாது. பலவந்தம் பண்ணினால் மரை உதிரும்.

டர்பன் கடற்கரை உப்பும் மணலும் பூட்டு முளையில் சேரும். நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும். எண்ணெய் விடாதீர்கள், அது கொக்கி தானாகச் சுழலாமல் பிடிக்கும் உராய்வு வளையத்துக்குப் போனால் பிடிப்பு போய்விடும். 'டக்' என்று பூட்டு விழுந்த சத்தம் கேட்காமல் சூடான டீயைத் தூக்க வேண்டாம்.