ஆழ்கடல் சீரமா, உப்பளத்து எக்டோயினா?

பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு மருந்தகத்தில் அக்காவும் நானும் அரை மணி நேரமாக நிற்கிறோம். அக்கா கையில் தோலுக்குப் பூசும் ஆழ்கடல் சீரம், நீலப் புட்டி, 140 வெள்ளி (ரிங்கிட்). என் கையில் அதே தோலுக்கான வெள்ளை டியூப், 62 வெள்ளி. இரண்டும் பாக்டீரியா கொடுத்த சரக்குதான்.

"கடலுக்கு அடியிலிருந்து வருதாம், சும்மாவா?" என்றார் அக்கா.

வருவது உண்மைதான், ஆனால் ஒரே ஒரு முறை. ஆல்டெரோமோனாஸ் என்ற அந்த பாக்டீரியா பசிபிக் கடலடியில், கொதிநீர் ஊற்றுகளின் பக்கம் பிடிபட்டது. அதற்கப்புறம் யாரும் முத்துக்குளிப்பது போல மூழ்கி அள்ளுவதில்லை. தொழிற்சாலைத் தொட்டியில் வளர்க்கிறார்கள். அது சுரக்கும் பிசுபிசுத்த சர்க்கரைச் சங்கிலி, தோலின் மேல் படலமாகப் படியும். பெரிய மூலக்கூறு, எளிதில் உள்ளே இறங்காது.

டியூப்பில் இருப்பது எக்டோயின். 1985-ல் எகிப்தின் வாடி நாட்ரூன் உப்பேரி பாக்டீரியா ஒன்றில் கண்டுபிடித்தார்கள். இப்போது தயாரிப்பது ஹாலோமோனாஸ் என்ற இன்னொன்றை வைத்து. அதன் ஊர் கரீபியத் தீவான போனேரின் உப்பளம். அவ்வளவு உப்பில் நாமாக இருந்தால் கருவாடுதான். அது தப்பிப்பது உடம்புக்குள் எக்டோயினைச் சேர்த்து, நீரைப் பிடித்து வைத்து. உப்பு நீரில் வளர்த்து, சட்டென்று உப்புக் குறைந்த நீருக்கு மாற்றினால், உள்ளே பாயும் நீரில் வெடித்துவிடாமலிருக்க எக்டோயினை வெளியே கொட்டிவிடும். வடித்தெடுத்துவிட்டு மறுபடி உப்பில் விடுவார்கள். இதற்குப் 'பால் கறப்பது' என்றே பெயர்! தோலிலும் அதே வேலைதான்: நீரைப் பிடித்து வைப்பது. ஒவ்வாமைக்கான மூக்கு ஸ்பிரேயிலும் கண் சொட்டிலும்கூட இதைச் சேர்க்கிறார்கள்.

(பக்கத்தில் கடல் படம் போட்ட அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமி ஜாடி. அதைத் தரும் ஹேமட்டோகாக்கஸ் நன்னீர்ப் பாசி!)

கைபேசி விளக்கில் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தேன். ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பதனப்பொருளுக்கு உச்சவரம்பு 1 சதவீதம். பட்டியலில் அதற்குப் பின்னால் வருவது எதுவும் அதைத் தாண்டியிருக்காது. நீலப் புட்டியில் ஆல்டெரோமோனாஸ் அதற்கும் பின்னால், வாசனைக்கு முந்தின இடத்தில். டியூப்பில் எக்டோயின் 2 சதவீதம் என்று முகப்பிலேயே இருந்தது. சுகாதார அமைச்சிடம் பதிந்ததற்கான அறிவிப்பு எண் இரண்டிலும் உண்டு, ஆனால் அது பலனுக்கு உத்தரவாதம் இல்லை.

அக்கா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நாள் முழுக்க ஏர்கானில் நிற்பவர். வெளியே புழுக்கம், உள்ளே தோல் வெடிக்கும். அவருக்கு டியூப்தான் என்றேன். சரி என்று இரண்டையும் கூடையில் போட்டார். நீலம் தீபாவளிக்காம்.